மூலைமட்டம் பிடித்துக் கட்டிய வான்கோழிக் கூண்டு

குஞ்சுகள் வந்த நான்காம் நாள் காலை, கூண்டில் மூன்று செத்துக் கிடந்தன. இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் ஒன்று. இருபதில் பதினான்கு மிச்சம். பூட்டு நான் போட்டபடியே இருந்தது. எந்த உடம்பிலும் காயமில்லை.

ஓசூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் தர ஆய்வாளராக இருந்தேன். யாரையும் நம்பாமலிருப்பதற்குச் சம்பளம் வாங்கியவன். இந்தக் குறிப்பு, அந்த வேலைக்கு இப்போது வந்திருக்கும் பிள்ளைகளுக்கு. கோழி வளர்ப்பவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை.

1. கட்டியது

மத்திகிரியில் எங்கள் வீட்டுப் பின்புறம், பத்தடிக்கு எட்டடி. அங்கே ஒரு முருங்கை நின்றது. அதை வெட்ட என் மனைவி சரோஜா ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள்.

"காய்க்கிற மரத்தை வெட்டுறீக. அந்த எடத்துல குஞ்சு பொழைச்சு நின்னாச் சரி. இல்லைன்னா கூண்டு காயலான் கடைக்குப் போகும், மறுபடியும் முருங்கை வரும்."

இரண்டடிக்கு ஹாலோ பிளாக் சுவர், மேலே அரை அங்குல வெல்ட் மெஷ் கம்பிவலை, ஷீட் கூரை, சிமென்ட் தரை, அதன்மேல் மூன்று அங்குலம் உமி. உள்ளே போகிறவர் காலை நனைத்துக்கொள்ள வாசலில் சுண்ணாம்புத் தொட்டி. கொத்தனார் முனிராஜ் எழுப்பிய சுவரில் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தேன். இடுக்கில் ஒரு தீக்குச்சி நுழைந்தது. இடித்துக் கட்டச் சொன்னேன்.

"கோழிக்குத்தானே சார்? அதுங்க மட்டம் எடுத்துட்டு வந்து பாக்கப் போவுதா?"

"நான் எடுத்துட்டு வந்து பார்ப்பேன்."

இடித்துக் கட்டினார். நான்கு மூலையும் தொண்ணூறு டிகிரி.

பக்கத்து வீட்டு ரத்னம்மா மதிலுக்கு மேலே தலையை நீட்டினார். வேப்பனப்பள்ளிப் பக்கம் விவசாயக் குடும்பம். மகன் வேலைக்காக இங்கே குடிவந்தவர். வீட்டில் தெலுங்கு, காய்கறி வண்டிக்காரரிடம் கன்னடம், என்னிடம் தமிழ். ஒருமுறை எங்களுக்கு வந்த கூரியரை வாங்கி வைத்திருந்தார். வெறும் கையெழுத்துப் போதாது, தேதியும் போட வேண்டும் என்று அவருக்குப் பத்து நிமிடம் விளக்கியிருக்கிறேன்.

"நாத்தம் வருமா சார்?"

"வராதும்மா."

"மூலைய இப்படி உடாதீங்க. எங்க வூட்ல பழைய தகரம் கெடக்குது. வளைச்சு நிறுத்திடுங்க."

காரணத்தை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தன் வீட்டுக் குப்பையை என் வீட்டுக்கு மாற்றப் பார்க்கிறார் என்று புரிந்துகொண்டேன். வான்கோழி வளர்ப்புக் கையேட்டில், பிறந்த குஞ்சுகளைச் சுற்றி வட்டமாகத் தடுப்பு வைக்கச் சொல்லியிருந்தது. என் குஞ்சுகளுக்கு மூன்று வாரம் ஆகியிருந்தது. அந்த வரிக்கு எதிரே 'பொருந்தாது' என்று எழுதினேன்.

2. விசாரணை

இரண்டாம் நாள் இரண்டு செத்தபோதே நாற்றம் பற்றிய அந்தக் கேள்வி எனக்கு நினைவுக்கு வந்தது. நோக்கம் கிடைத்துவிட்டது, வழி தெரிய வேண்டும். அவர் வீட்டுப் பூனையா? தீவனத்தில் எதையாவது கலக்கிறாரா? தீவனத்திலும் தண்ணீரிலும் மாதிரி எடுத்துப் பாட்டிலில் அடைத்து லேபிள் ஒட்டினேன். கூண்டைச் சுற்றிக் கோலமாவைத் தூவினேன். காலையில் அதில் என் செருப்புத் தடம் மட்டுமே இருந்தது. வந்தவர் மதில் மேலிருந்தே வேலையை முடித்திருக்க வேண்டும் என்று கொண்டேன்.

"டாக்டர்ட்ட காட்டலாம்ல?" என்றாள் சரோஜா.

"விசாரணை முடியட்டும்."

"அதுக்குள்ள குஞ்சும் முடிஞ்சிரும்."

தொழிற்சாலையில் குறை எங்கே விழுகிறது என்று பார்க்க, பாகத்தின் படத்தை வரைந்து புள்ளி வைப்போம். நான்காம் நாள் கூண்டின் படத்தை வரைந்தேன். செத்த இடங்களுக்குப் புள்ளி வைத்தேன். ஆறு புள்ளிகளும் ஒரே மூலையில், ரத்னம்மா வீட்டு மதிலை ஒட்டிய மூலையில் விழுந்தன. ஓரத்தில் 'சந்தேகம்: ரத்னம்மா' என்று எழுதி, அட்டையில் செருகிக்கொண்டு போனேன்.

3. ஒப்புதல்

அவர் வாசலில் உட்கார்ந்து மொச்சைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். படத்தை நீட்டினேன்.

"இது உங்க மதில். ஆறு குஞ்சும் இங்கதான் செத்திருக்கு."

"ஆமா சார். அங்கதான் சாவும்."

முப்பத்தொரு வருடத்தில் இவ்வளவு சீக்கிரம் யாரும் ஒப்புக்கொண்டதில்லை. அடுத்த கேள்வியைத் தேடுவதற்குள் அவரே கேட்டார்.

"நான் கொன்னேன்னா படம் போட்டு எடுத்தாந்தீங்க?"

அவர் மொச்சையை ஒதுக்கிவிட்டு எழுந்து, எனக்கு முன்னால் எங்கள் பின்புறத்துக்கு நடந்தார். மேகம் மூடிக் குளிர்காற்று அடித்துக்கொண்டிருந்தது. நான் கூண்டுக் கதவைத் திறந்தேன். காற்று அதைப் பிடுங்கிச் சுவரில் டமாலென்று அடித்தது. பதினான்கு குஞ்சுகளும் ஒரே ஓட்டமாக அந்த மூலைக்குள் பாய்ந்தன. முன்னால் போனவற்றின் மேல் பின்னால் வந்தவை ஏறின. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூலையில் முழங்கால் உயரம் குவியல்.

ரத்னம்மா சுண்ணாம்புத் தொட்டியைத் தாண்டி உள்ளே குதித்தார். காலை நனைக்காமல் போகிறாரே என்று அப்போதும் எனக்கு உறுத்தியது. குவியலுக்குள் இரண்டு கையையும் விட்டு வாரி வீசினார். அடியில் கிடந்த ஒன்றுக்குத் தலை தொங்கிவிட்டது. அதை முந்தானையில் சுற்றித் தேய்த்தார், தேய்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அது வாயைத் திறந்தது.

"குளுருக்கு, காத்து படாத இந்த மூலைக்கு ஓடும், சத்தத்துக்கு ஓடும். மூலைல மாட்டினது திரும்ப எடம் ஏது? வட்டமா இருந்தா சுத்தினு வெளிய வந்துடும். பூனையுமில்ல, பேயுமில்ல. உங்க மூலைதான் சார் கொல்லுது."

"அன்னைக்கே காரணத்தைச் சொல்லியிருக்கலாமேம்மா?"

"தகரம்னதும் காயலான் கடைக்காரியப் பாக்கற மாதிரி பாத்தீங்க. அப்பறம் இன்னாத்தச் சொல்றது?"

4. பாடம்

அன்று மதியமே அவர் வீட்டுத் தகரத்தை நான்கு மூலையிலும் வளைத்து நிறுத்தினோம். காற்று வரும் பக்கம் சாக்கைத் தொங்கவிட்டோம். மறுநாள் காலை எண்ணினேன், பதினான்கு. மறுபடி எண்ணினேன், பதினான்கு. முருங்கைப் பேச்சைச் சரோஜா இன்றுவரை எடுக்கவில்லை.

ஒரே இடத்தில் குறை விழுந்தால், அந்த இடத்துக்கு அப்பால் யார் நிற்கிறார் என்று பார்க்காதீர்கள். அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நான் வேலையில் இருந்தவரை, ரிஜெக்ஷன் ரிப்போர்ட்டில் காரணம் என்ற கட்டத்தில் 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்று எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். பாகம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் டிராயிங் மேலிருந்து வருவது. அதை நான் சந்தேகப்பட்டதே இல்லை. அந்த ஆபரேட்டர்களில் எத்தனை பேர் என்னிடம் ஏதோ சொல்ல வந்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்களோ தெரியாது. கூண்டின் டிராயிங் மட்டும் நான் போட்டது.

தகரம் நிறுத்தி முடிந்ததும், "அந்தப் பேப்பரக் குடுங்க" என்று ரத்னம்மா கை நீட்டினார். அவருக்குத் தமிழ் படிக்க வரும் என்பதை நான் விசாரித்திருக்கவில்லை. ஓரத்தில் இருந்ததைப் படித்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தார்.

"எம் பேரு எதுக்கு இதுல?"

திருத்தத்துக்கு ஒரு முறை உண்டு. ஒற்றைக் கோட்டால் அடித்தேன். பக்கத்தில் என் பெயரை எழுதினேன். மன்னிக்க வேண்டும் என்று சொல்லி, கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

அவர் நிதானமாகப் பார்த்தார்.

"தேதி போடல சார்."