பொல்லாத சொல்லுக்கு ஒரு முகம்

உலகத்தில் இருக்கிற அத்தனை பொல்லாதவர்களையும் ஸ்பானிஷ் மொழியில் வகை பிரித்து வையத் தெரிந்த ஒரே பெண் எங்கள் வசனக்காரிதான். சரி, கொஞ்சம் தூக்கிவிட்டேன். அத்தனை பேரையும் இல்லை, பாதிப் பேரை. ஒரே பெண்ணும் இல்லை. ஸ்பானிஷ் பேசும் வீட்டில் பிறந்த ஆறு வயதுக் குழந்தைக்கே அது கைவந்த கலையாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு வசைச் சொல்லுக்கும் ஆங்கிலத்தில் ஒன்றைக் கண்டுபிடித்து, அதைச் சொந்த மாமியார் முகத்தில் எறிந்து பார்த்து, பிறகு எழுதியவள் இவள் ஒருத்திதான். இதில் ஒரு சொட்டு மிகை கிடையாது. மாமியாரே சாட்சி. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, நான் எழுத எழுத வாசித்துக் காட்டுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

வசனக்காரி என்பது எங்கள் அடுக்ககத்தில் அக்கம்பக்கத்து நாங்கள் வைத்த பெயர். அவள் எழுதுவது வசனமே இல்லை. வேறு யாரோ எழுதி, வேறு யாரோ பேசி, தொலைக்காட்சியில் ஓடும் ஸ்பானிஷ் தொடர்களுக்கு அடியில் வருகிற ஆங்கில வரிகள். சப்டைட்டில். அந்த வேலைக்கு வருமுன் துணி துவைக்கும் இயந்திரங்களுக்கான கையேடுகளை ஸ்பானிஷிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். அந்தக் கையேடுகளில் வில்லன் கிடையாது. ஈரக் கையால் பிளக்கைத் தொடுவதுதான் அங்கே நடக்கக்கூடிய அதிகபட்ச அட்டூழியம். அப்படி வருஷக் கணக்கில் ஈரக் கைகளை எச்சரித்துச் சலித்துப்போயிருந்தவளை ஒரு நாள் சப்டைட்டில் கம்பெனி கூப்பிட்டது.

கூப்பிட்ட காரணம் ஒரு எஜமானி. பெரிய திராட்சைத் தோட்டத்துக்காரி. அந்தத் தொடரில் அவள் செய்யாத அக்கிரமம் இல்லை. கள்ள உயில் எழுதுவாள், கிணற்றில் மருந்து கலப்பாள், தங்கையின் கல்யாணத்தை மேடையிலேயே நிறுத்துவாள், பிறகு நிம்மதியாகத் தலை வாரிக்கொள்வாள். இவளைத் திட்டுவதற்கென்றே ஊர் முழுக்க ஆள் இருந்தது. ஆனால் அதுவரை சப்டைட்டில் எழுதிய மனிதரிடம் இருந்தது ஒரே ஒரு சொல், ஈவில். ரொட்டிக்காரன் எடையைக் குறைத்தால் ஈவில். நாய் செருப்பைக் கடித்தால் ஈவில். எஜமானி ஆளைக் கொன்றாலும் அதே ஈவில். எல்லாருமே ஈவில் என்றால் நாங்கள் யாரைத்தான் வெறுப்பது என்று பார்வையாளர்கள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கம்பெனியின் மேலாளர் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை. மிச்சமிருந்த பகுதிகளை வசனக்காரியின் கையில் கொடுத்து, விஷயத்தை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

"கடைசி எபிசோட்ல அந்த சமையல்காரப் பொண்ணு எஜமானிய ஒரே ஒரு வார்த்தை சொல்லுவா. அது சரியா விழுந்துச்சுன்னா அடுத்த தொடர் முழுசும் உங்களுக்கு. விழலன்னா பழைய ஆளே வந்துருவாரு. வாஷிங் மெஷின் எங்கயும் ஓடிப் போகாது, பாருங்க."

அந்தக் கடைசி வாக்கியம்தான் வசனக்காரியின் உடம்பில் மின்சாரம் பாய்ச்சியது. ஈரக் கையே இல்லாமல்.

அன்று தொடங்கிய பரபரப்பில் வீடு வீடாக இல்லை. ஸ்பானிஷில் பொல்லாத்தனத்துக்கு ஒரு தெருவே இருக்கிறது, ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தன். மாலோ என்பவன் சாதாரணக் கெட்டவன், எல்லா ஊரிலும் கிடைப்பான். ரூயின் என்பவன் அற்பன், கெடுதலைக்கூடப் பெரிதாகச் செய்யத் தெரியாதவன். கனாயா சிரித்த முகத்தோடு கழுத்தறுப்பவன். மல்வாதா என்றால் கெடுதல் செய்வதில் ருசி கண்டவள். அகராதியைத் திறந்தால் ஒவ்வொருவருக்கும் ஏழெட்டு ஆங்கிலச் சொற்கள் வரிசை கட்டி நிற்கும். எதைப் பொறுக்குவது? திரையில் ஒரு வரி நிற்பது கண் சிமிட்டும் நேரம். அதற்குள் படித்து, சுருக்கென்று தைக்க வேண்டும்.

வழி தற்செயலாகத்தான் பிடிபட்டது. ஒரு காலையில் அவள் சமையலறையில் நின்றபடி, வைல், வைல் என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்திருக்கிறாள். வைல் என்றால் இழிந்த பிறவி. பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாமியார் நிமிர்ந்தார். அவரது மேலுதடு ஒரு ஓரமாகச் சுருண்டது. வசனக்காரி கரண்டியைப் போட்டுவிட்டுக் கணினிக்கு ஓடினாள். திரையில் பண்ணையாள் திட்டியதும் எஜமானியின் உதடு சுருண்டது. அதே ஓரம், அதே சுருள். சொல் கிடைத்துவிட்டது.

மாமியார் சாதாரண ஆள் இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரின் பாதிச் சண்டைகளுக்கு இணைப்புக் கொடுத்தவர். கேட்பது ஆங்கிலமோ வேறெதுவோ, எந்த வசை எங்கே வலிக்கும் என்பது அவர் காதுக்குத் தெரியும். தெரிந்தது அப்படியே முகத்துக்கு வந்துவிடும். மறைக்க வராது. மருமகள் விஷயத்தைச் சொல்லிக் கெஞ்சியதும் நிபந்தனைகளோடு ஒப்புக்கொண்டார். காலை டீ குடிக்கும்வரை யாரும் தன்னைத் திட்டக்கூடாது. விருந்தாளி முன்னால் திட்டக்கூடாது. திட்டி முடித்ததும் "உங்கள இல்ல அத்தை" என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும்.

அப்புறம் அந்த வீட்டில் நடந்ததை வெளியாள் கேட்டிருந்தால் போலீஸைக் கூப்பிட்டிருப்பான். கூடத்தில் நாஸ்டி, குளியலறை வாசலில் ஸ்கவுண்ட்ரல், மாடிப்படியில் விக்கிட். கூடவே ஒரு "உங்கள இல்ல அத்தை". குடிநீர் வடிகட்டியைப் பழுது பார்க்க வந்த மெக்கானிக் சமையலறைக்குள் குனிந்து நின்றது தெரியாமல் ஒரு நாள் அவள் "ராஸ்கல்" என்று கத்த, அவன் சத்தமில்லாமல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மறுநாள் தானே வந்து, முந்தைய மாதம் புதுசு என்று சொல்லி மாட்டிய பழைய பாகத்தைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டிவிட்டுப் போனான். யாரும் அவனை எதுவும் கேட்கவில்லை.

கணவனிடம் சோதித்துப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். அவன் பல் செட் செய்கிறவன். எதைச் சொன்னாலும் சிரிப்பான், சிரித்தால் பல்லைத் தவிர முகத்தில் வேறெதுவும் தெரியாது. சோதனைக்கு உதவாத முகம்.

வாரம் ஏற ஏற எழுத்தில் ரத்தம் ஓடியது. ரொட்டிக்காரன் அற்பனானான், கணக்குப்பிள்ளை கழுத்தறுப்பவனானான், பார்வையாளர்களுக்கு வெறுப்பதில் ஒரு ஒழுங்கு வந்தது. ஆனால் வீட்டில் ஒரு விபரீதம். திட்டித் திட்டி மாமியாருக்குப் பழகிவிட்டது. ஒரு மாலை அவள் முழுத் தொண்டையில் "மான்ஸ்டர்" என்றாள். மாமியார் மூக்கோடு ஒட்டிப் பிடித்திருந்த செய்தித்தாளிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல், "சொல்லும்மா" என்றார்.

கருவி தேய்ந்துபோய்விட்டது, அதுவும் கடைசிப் பகுதி வந்து சேர்ந்த நேரத்தில்.

அந்தக் கடைசிக் காட்சி இதுதான். கொலைக்கும் கள்ள உயிலுக்கும் வாய் திறக்காத சமையல்காரப் பெண், எஜமானி தன்னை வளர்த்த கிழட்டு ஆயாவை மழையில் பேருந்து நிறுத்தத்தில் விட்டுவிட்டு வந்தாள் என்று தெரிந்ததும், ஏப்ரனைக் கழற்றி மேசைமேல் வைக்கிறாள். எஜமானியை நேராகப் பார்க்கிறாள். "தெசல்மாதா" என்கிறாள். கத்தவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுகிறாள். அதன் பிறகு கேமரா எஜமானியின் முகத்திலேயே நிற்கிறது. அத்தனை திட்டுக்கும் அசையாத அந்த முகம், உள்ளே எதையோ யாரோ உருவிவிட்டதுபோல மெல்ல மெல்லத் தொங்குகிறது.

தெசல்மாதா. ஆன்மா அற்றவள் என்று வேர். வசனக்காரி நேராக அதையே ஆங்கிலத்தில் வைத்துப் பார்த்தாள், சோல்லெஸ். கணவனுக்குப் போன் போட்டு அந்த ஒற்றைச் சொல்லைச் சொன்னாள். "நம்ம புது ஆபீஸ் பில்டிங்கத்தான சொல்ற? நானும் அதான் நெனச்சேன்" என்றான் அவன். களையில்லாத கட்டடத்துக்கும் பொருந்துகிற சொல்; அதை நீக்கிவிட்டாள். படியிறங்கித் தெருமுனைப் பழக்காரரிடம் போய் முகத்துக்கு நேரே "க்ரூயல்" என்றாள். அவர் தராசைக் காட்டி, இதற்குமேல் ஒரு காசு குறைத்தால் தனக்குக் கட்டுப்படியாகாது என்றார். மேலே ஓடி வந்தாள். படத்தைப் பின்னால் ஓட்டினாள், மறுபடி பார்த்தாள். தொங்கும் அந்த முகத்துக்குப் பொருந்துகிற முகம் எங்கே கிடைக்கும்? பொழுது சாய்வதற்குள் கோப்பை அனுப்பியாக வேண்டும். கன்னம் சுட, காது அடைக்க, வேட்டைக்காரிபோல் அகராதியில் பக்கம் பக்கமாகப் பாய்ந்துகொண்டிருந்தாள். அந்த மாதிரி ஒரு சந்தோஷத்தை அவள் அதுவரை அனுபவித்ததே இல்லை.

அந்தச் சந்தோஷத்தில் ஒன்றை மறந்தாள்.

முந்தின நாள்தான் மாமியாருக்குக் கண்புரை எடுத்திருந்தார்கள். அன்று கட்டு அவிழ்க்க வேண்டும். காலையில் கண் மருத்துவமனையில் கொண்டுபோய் உட்கார வைத்து, "மதியத்துக்குள்ள வந்து கூட்டிட்டுப் போறேன் அத்தை, எங்கயும் எழுந்து போயிராதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தவள் இவளேதான். மாமியார் எங்கும் எழுந்து போகவில்லை. கட்டை அவிழ்த்தார்கள், சொட்டு மருந்து விட்டார்கள், கறுப்புக் கண்ணாடி மாட்டினார்கள். சாப்பாட்டு நேரத்துக்கு மருத்துவமனையை மூடினார்கள். வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். திரும்பவும் திறந்தார்கள். அப்போதும் உட்கார்ந்திருந்தார். போன் அடித்தால் மருமகள் எடுக்கவில்லை; காதில் ஹெட்போனில் எஜமானி இருந்தாள். கடைசியில் ஒரு நர்ஸ் இரக்கப்பட்டு வாடகைக் காரில் ஏற்றிவிட்டாள்.

கதைக்காக நான் ஜோடித்தேன் என்று நினைப்பீர்கள். மற்றதில் எங்கே வேண்டுமானாலும் சந்தேகப்படுங்கள், இதில் வேண்டாம்.

கதவு திறந்த சத்தம் ஹெட்போனையும் மீறிக் கேட்டு வசனக்காரி திரும்பினாள். வாசலில் மாமியார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். புதுக் கண்ணால் மருமகளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். மாசக்கணக்கில் பனிக்குள் தெரிந்த முகம் இப்போது ஒவ்வொரு மயிரிழையாகத் தெரிந்திருக்கும்.

"தெளிஞ்ச கண்ணால மொதல்ல உன் மூஞ்சியத்தான் பாக்கணும்னு நெனச்சு வச்சிருந்தேன்" என்றார். பிறகு, எக்ஸ்சேஞ்சில் இணைப்பைத் துண்டிக்கும்போது பேசியிருப்பாரே, அந்தக் குரலில், ஒரே ஒரு ஆங்கிலச் சொல். "ஹார்ட்லெஸ்."

நெஞ்சில் ஈரமில்லாதவள்.

அத்தனை மாதமாக எறிந்தவள்மேல் முதல் முறையாக ஒன்று வந்து விழுந்தது. அவளுக்கு முதலில் புரியவே இல்லை. "உங்கள இல்ல" என்று யாரும் பின்னால் சேர்க்கவில்லை. வாசல் பக்கச் சுவரில் தலை வாரும் கண்ணாடி ஒன்று உண்டு. அதில் யாரோ ஒருத்தியின் முகம் மெல்ல மெல்லத் தொங்கிக்கொண்டிருந்தது. கன்னம் தளர்ந்து, வாய் பாதி திறந்து, கண் போக இடமில்லாமல். காலையிலிருந்து அவள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்த அதே முகம்.

அடுத்து அவள் செய்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் கூச்சமும் சிரிப்பும் சேர்ந்தே வருகிறது. ஓடிப் போய் மாமியார் காலைக் கட்டிக்கொண்டாள். "என்னை மன்னிச்சிருங்க அத்தை. மன்னிச்சிருங்க" என்று அழுதாள். அழுதபடியே தலையைத் தூக்கி, "ஒரே ஒரு நிமிஷம் அத்தை" என்றாள். எழுந்து ஓடினாள். கண்ணீர் சாவிப் பலகையில் சொட்ட அந்த ஒற்றைச் சொல்லை அடித்து, சமையல்காரப் பெண்ணின் உதடு திறக்கிற நொடியில் பொருத்தி, அனுப்பினாள். ஈரக் கையால் மின்சாரச் சாமானைத் தொட்டது வாழ்க்கையில் அன்றுதான். அப்புறம் திரும்பி வந்து, மாமியாரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்ப் படுக்க வைத்து, சொட்டு மருந்து விட்டு, சோறு பிசைந்து ஊட்டினாள். மாமியார் சாப்பிட்டார்.

வாரக் கடைசியில் ஒளிபரப்பு. கணவன், அவள், மாமியார் மூன்று பேரும் கூடத்தில். மாமியார் எப்போதும் தொலைக்காட்சிக்கு மூக்கை ஒட்டி உட்காருவார். அன்று கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தார், அங்கிருந்தே படிக்க வருகிறதாம். ஏப்ரன் மேசைக்கு வந்தது. உதடு திறந்தது. அடியில் சொல் விழுந்தது. எஜமானியின் முகம் தொங்க ஆரம்பித்தது. எதற்கும் சிரிக்கிற கணவனின் பல் மறைந்தது. வாயை மூடிக்கொண்டு அவன் திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தான்.

மேலாளரின் போன் வந்தபோது பெயர்ப் பட்டியல்கூட ஓடி முடியவில்லை. அடுத்த தொடர் அவளுக்கு. ஒரு கொள்ளைக் கூட்டமும் மூன்று மாமியார்களும் இருக்கிற தொடராம். வசனக்காரி கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி ஆடியேவிட்டாள். கணவன் வழக்கப்படி சிரிக்க ஆரம்பித்தான்.

இவ்வளவுக்கும் காரணம் மாமியாரின் பெருந்தன்மைதான் என்று நான் எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். மருமகளுக்கு ஒரு நிஜமான அடி வேண்டும், இல்லாவிட்டால் அந்த முகம் கிடைக்காது என்று அந்தப் பெஞ்சிலேயே கணக்குப் போட்டு, ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து, வீட்டுக்கு வந்து கோபப்படுகிற மாதிரி நடித்தார். எப்பேர்ப்பட்ட நடிப்பு என்று எழுதி, வாசித்தும் காட்டினேன்.

எதிர் நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"நடிப்பா? யாரு சொன்னா உங்களுக்கு? பெஞ்சுல நான் எந்தக் கணக்கும் போடல, பசிச்சுது. நெஜமாவே கோபந்தான். இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு. அதையும் எழுதிக்கோங்க."