ஒழுகலை அடைத்த தாய்மாமன்

போன வாரம் ஒரு கல்யாணத்துக்கு என் காரைக் கொடுத்தேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அதனால் இந்த வாரம் வேறு எதையும் எழுதுவதாக இல்லை.

என் பழைய காரில் எஞ்சின் எண்ணெய் ஒழுகும். அதை அடியோடு நிறுத்த வேண்டுமென்றால் எஞ்சினை இறக்கி, பேரிங் மாற்ற வேண்டும். யுத்தம் நடக்கிற காலத்தில் பேரிங்குக்கு எங்கே போவது? ஆனால் ஒன்று... பின்பக்கம் கசிகிற எண்ணெய் கிளச்சுக்குள் போகாமல் கீழே சொட்டுவதற்கென்றே அடியில் ஒரு சின்னத் துவாரம் உண்டு. காரைச் செய்தவனே வைத்தது. சொட்டுகிற வரைக்கும் கவலையில்லை.

மாப்பிள்ளை என் பக்கத்து வீட்டுப் பையன். கல்யாணம் ஆலங்குடியில், பெண் வீட்டில். ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தம். தப்பினால் ஆவணி வரைக்கும் காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே ஒரு தரம் தள்ளிப்போன கல்யாணம் வேறு.

முதல் நாளே காரை மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டேன். ஊரெல்லாம் சுற்றினார்கள். மறுநாள் காலையில் மாப்பிள்ளையையும் அவன் தாய்மாமனையும் ஏற்றிக்கொண்டு நானே ஓட்டினேன். பாதி வழியில் ஒரு மேடு. எஞ்சின் கத்துகிறது — கார் நகரவில்லை. கிளச் வழுக்குகிறது; எஞ்சின் சுற்றுகிற சுற்று சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை.

அடியில் படுத்துப் பார்த்தேன். அந்தத் துவாரத்தில் கந்தைத் துணி சுற்றிய மரத்தக்கை ஒன்றை யாரோ இறுக அடித்திருந்தார்கள்.

"யார் பார்த்த வேலை இது?"

"நாந்தாண்ணே," என்றார் தாய்மாமன், பெருமையாக. "நேத்தே அடிச்சுட்டேன். பொண்ணு வீட்டுக் கோலத்துல கருப்பா எண்ணெய் சொட்டுனா நல்லாவா இருக்கும்? இப்பப் பாருங்க, ஒரு சொட்டு இல்ல."

கீழே இல்லைதான். அத்தனையும் கிளச்சில் அல்லவா இருக்கிறது?

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"இதுக்கெல்லாமா கேப்பாங்க? ஓட்டைன்னா அடைக்கணும்லண்ணே?"

தக்கையைப் பிடுங்கினேன். எண்ணெய் என் சட்டை மேலேயே கொட்டியது. கிளச்சில் ஊறியது ஊறியதுதான்.

"என்ன மாமா இப்படிப் பண்ணிட்டீங்க..." என்று மாப்பிள்ளை தழுதழுத்தான். அந்தக் குரலைக் கேட்டதும் அந்த மனிதரை இரண்டு அறை விடலாம் போலிருந்தது. அதற்குள் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி, கடலைக் கொல்லையில் நின்ற மாட்டுவண்டி ஒன்றைப் பிடித்துவந்தார். இருவரும் ஏறிப் போனார்கள். முகூர்த்தம் முடிகிற நேரத்தில் தாலி ஏறியதாம்.

நான் காரை ஓரங்கட்டிவிட்டு நடந்து போய்ச் சேர்ந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. தாய்மாமன் கழுத்தில் மாலை.

"இவங்க மட்டும் வண்டி புடிச்சு வரலேன்னா எம்மக கதி என்ன ஆயிருக்கும்?" என்று பெண்ணின் தகப்பனார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு என் சட்டையைப் பார்த்தார்.

"தப்பா நெனைக்காதீங்கய்யா. இப்படி ஒரு காரை நாலு பேருக்குக் குடுக்கலாமா? ரிப்பேர் பாத்து வச்சுக்கங்க."

தாய்மாமன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, ஆமாம் என்று தலையாட்டினார்.

கல்யாணத்துக்குக் கார் வேண்டுமா? தாராளமாக வந்து கேளுங்கள். தாய்மாமனை மட்டும் பஸ்ஸில் அனுப்பிவிடுங்கள்.