பாட்டிலில் என் நரம்பு: திருவாதவூரிலிருந்து தெப்பக்குளம் வரை

இல்லாத கை வலிக்கிறது என்று சொல்லித் திட்டு வாங்கியவர்களுக்கும், ஆபரேஷனில் எடுத்த சதையைப் பாட்டிலில் போட்டுக் கொடுத்து "லேபுக்குக் கொண்டு போங்க" என்று அனுப்பப்பட்டவர்களுக்கும் இந்தப் பதிவு. நான் போனது 1984 ஆகஸ்டில். தூரம் இருபத்தைந்து கிலோமீட்டர்தான். ஆனால் கிளம்புவதற்கு முன் மண்ணைத் தோண்ட வேண்டியிருந்தது.

முந்தைய வருடம் நெல் அரைக்கப் போன இடத்தில் ரைஸ்மில் பெல்ட் என் இடது கையை இழுத்துவிட்டது. முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எடுத்த கையை வீட்டாரிடம் கொடுப்பதுதான் அப்போது வழக்கம். அண்ணன் பாண்டி அதை எங்கள் வயல் ஓரமாகப் புதைத்தான். புண் ஆறியது. ஆனால் இல்லாத விரல்கள் மடங்கி, நகம் உள்ளங்கையில் குத்திக்கொண்டே இருந்தது. விரல் மடங்கியபடி புதைத்திருப்பான் என்றார்கள் ஊரில். பாவம், அவன் தோண்டி விரல்களை நிமிர்த்தியும் வைத்துவிட்டு வந்தான். வலி குறையவில்லை. அதன் பிறகு நான் நடிக்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

நான் பள்ளிக்கூட டீச்சர். வலி தாங்காமல் லீவு கேட்டபோது தலைமையாசிரியர், "இல்லாத கைக்கு எப்படிம்மா லீவு தாரது? நெசமான வலின்னு டாக்டர்ட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. இல்லாட்டி ராஜினாமா எழுதிருங்க" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவரை அறைய ஒரு கையே போதும் என்றுதான் இருந்தது.

மேலூரில் ஒரு சர்ஜன் மொட்டைக்கையில் ஓர் இடத்தை விரலால் தொட்டார். உயிர் போய் வந்தது. வெட்டுப்பட்ட நரம்பு மறுபடி வளரப் பார்த்து, போக வழியில்லாமல் முடிச்சாகிவிட்டது என்றார். அந்த முடிச்சை வெட்டி, மருந்துத் தண்ணீர் நிரப்பிய பாட்டிலில் போட்டு, மதுரை தெப்பக்குளம் பக்கம் இருந்த ஒரு டாக்டரம்மா லேபுக்குக் கொண்டு போகச் சொல்லி அண்ணனிடம் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலையில் அண்ணனிடம் கேட்டேன்.

"பாட்டிலை லேபுல குடுத்தியாண்ணே?"

"கையோட சேத்துப் பொதைச்சுட்டேன் தாயி. ஒரே ஒடம்பு, ரெண்டு எடத்துல கெடந்தா வலிக்காதா?"

அவன் பாசத்தைக் கண்டு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை. மண்வெட்டியை எடுக்கச் சொன்னேன். மாட்டேன் என்றான். நானே ஒற்றைக் கையால் கொத்தத் தொடங்கியதும் பிடுங்கித் தோண்டினான். மூடியைச் சுற்றி பிளாஸ்திரி ஒட்டியிருந்ததால் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. உள்ளே கொண்டைக்கடலை அளவுக்கு என் ஒன்றரை வருஷ வேதனை கிடந்தது.

எட்டேகால் பஸ். ஆளுக்கு ஒன்றே முக்கால் ரூபாய். தோண்டும்போது மூடியில் மண்வெட்டி பட்டிருக்க வேண்டும், ஒத்தக்கடை வருவதற்குள் மருந்து வாடை பஸ் முழுக்கப் பரவிவிட்டது. கண்டக்டர் வந்து நின்றார்.

"என்னம்மா வச்சிருக்கீக? கண்ணு எரியுது. எறங்கி அடுத்த வண்டியில வாங்க."

"எங் கை நரம்புண்ணே. கையிருந்தா கையோட வந்திருக்கும். எறங்க மாட்டேன்."

அவர் மொட்டைக்கையை மூடியிருந்த என் முந்தானையைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். ஜன்னலை நன்றாகத் திறந்துவிட்டுப் போய்விட்டார்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து தெப்பக்குளத்துக்கு ரிக்‌ஷாவில் மூன்று ரூபாய். லேபுக்குள் நுழைந்தபோது மணி பத்து. டாக்டரம்மா பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இத்தனை நாள் எங்கே இருந்தது என்று கேட்டார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

"வலியைக் கண்ணாடியில பாக்க முடியாதும்மா. அது வாரதுக்குக் காரணம் இருக்கான்னு பாக்கலாம்" என்றவர், வேறு யாருடைய முடிச்சையோ மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டினார். சீவிய தலைமுடிபோலப் போகவேண்டிய நரம்பிழைகள் சிக்கு விழுந்து கிடந்தன. எனக்கு முன்னால் ஒருவர் இதே வலியோடு இருந்திருக்கிறார் என்று நினைத்ததும் அழுகை வந்தது.

"ரிப்போர்ட்டுக்குக் கொஞ்சம் போதும். மீதிய நான் வச்சுப் படிக்கலாமா? வேணாம்னா திருப்பித் தாரேன்."

"பொதைக்கணும்ங்க" என்றான் அண்ணன்.

"கையைப் பொதைச்சாச்சு. இதையாச்சும் நாலு பேரு பாக்கட்டும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

வலி பாதிதான் குறைந்தது. மீதி இன்றும் மழைக்காலத்தில் வந்து போகிறது. ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்துவிட்டுத் தலைமையாசிரியர் லீவில் கையெழுத்துப் போட்டார். இருபத்தாறு வருடம் கழித்துத்தான் அந்தப் பள்ளியை விட்டு வந்தேன், அதுவும் ரிட்டயர் ஆகி.

நீங்கள் போவதாக இருந்தால் பாட்டிலை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள், பாசக்காரர்களிடம் கொடுக்காதீர்கள். மூடிக்கு இரண்டு சுற்று பிளாஸ்திரி போடுங்கள். மீதியை ஆராய்ச்சிக்குக் கேட்டால் எதற்கு என்று விவரம் கேளுங்கள், மனம் ஒப்பினால் கொடுங்கள். யாராவது நடிக்கிறாய் என்றால் எழுந்து வந்துவிடுங்கள், வேறு டாக்டர் இருப்பார்.

ரிப்போர்ட் வாங்க மறுவாரம் போனபோது, ஒரு கால் இல்லாத உசிலம்பட்டிக்காரர் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தார். அவர் வீட்டிலும் நடிப்பு என்றுதான் சொன்னார்களாம். வெகுநேரம் பார்த்துவிட்டு, "யாரோடதுங்க இது?" என்று கேட்டார். டாக்டரம்மா பெயர் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

"என்னோடதுண்ணே" என்றேன்.