தெருவுக்கே ஒரு தொட்டி மண்

அக்கா பிரான்சுக்குத் திரும்பும்போது மூலக்குளத்து வீட்டுச் சாவியை என்னிடம் தந்தாள். கூடவே ஓர் ஆந்தூரியம் செடி. சிவப்புப் பூ, பிளாஸ்டிக் போல மினுங்கும்.

"வெயில் படக்கூடாது. ஃபேன் காத்து ஆவாது. எலைய ஈரத்துணியால தொடைக்கணும். செடி போச்சுன்னா வீட்ட வாடகைக்கு வுட்டுருவேன் தம்பி."

எனக்கு வேறு வீடு இல்லை. தலையாட்டினேன்.

செடி ஹாலில் இருந்ததால் அங்கே ஃபேன் போடவில்லை. நான் சமையலறையில் படுத்தேன். ஞாயிறுதோறும் அக்கா வீடியோவில் வருவாள். முதலில் செடியைக் காட்ட வேண்டும். "எளச்சிப் போச்சே" என்றாள் ஒருமுறை. என்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டேன்.

ஈஸ்டர் வந்தது. எங்கள் தெருவில் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் அதிகம். கோயிலில் மந்திரித்த புதுத் தீர்த்தம் கொண்டுவந்ததும் வீட்டிலிருக்கும் பழையதைக் காலி செய்வார்கள். சாக்கடையில் ஊற்றக்கூடாது, மண்ணில்தான் ஊற்ற வேண்டும். மண்ணுக்கு எங்கே போவது? வாசல்வரை சிமெண்ட், உள்ளே டைல்ஸ். தெருவுக்கே இருந்த மண் அக்காவின் தொட்டியில்தான்.

எதிர்வீட்டு அம்மா முதலில் வந்தார்.

"கொஞ்சூண்டுதாண்ணே."

மந்திரித்த தண்ணீரை எப்படி வேண்டாம் என்பது? பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஊற்றினார்கள், சிலுவை போட்டுக்கொண்டு போனார்கள்.

கோயில் சாமியார் உப்புப் போட்டு மந்திரித்த தண்ணீர் அது. இலை ஓரம் கருகியது. பூ தொங்கியது. கடைசியில் குச்சிதான் மிச்சம்.

ஞாயிறு அக்கா பார்த்தாள். பேச்சே இல்லை. நெட் போய்விட்டது என்று நினைத்தேன்.

"என்னாடா ஊத்துன?"

"தீர்த்தம்."

"யாரு?"

"தெருவே ஊத்துச்சி."

வாயைத் திறந்தாள், மூடினாள். தீர்த்தத்தைத் திட்ட முடியாதே. பின்னாலிருந்து அவள் வீட்டுக்காரர் குரல் கேட்டது.

"குப்பையில போடச் சொல்லு. புரோக்கருகிட்ட பேசிடலாம்."

"சும்மா இருங்க! தீர்த்தம் எறங்குன மண்ணு. வாடகைக்கு வர்றவன் தெரியாம குப்பையில கொட்டிருவான். பாவம் யாருக்கு? ஒங்களுக்கா?"

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"நீயே இரு தம்பி. தொட்டிய எவனும் தொடக்கூடாது."

"சரிக்கா."

போனை வைத்துவிட்டு ஹாலில் ஃபேன் போட்டேன். குச்சி ஆடியது. பாயைக் கொண்டுவந்து விரித்தேன்.

கதவு தட்டினார்கள். பின்தெரு அம்மா, கையில் பாட்டில்.

"இங்கதான் ஊத்தணும்னு சொன்னாங்க."

"ஊத்துங்க" என்றேன்.