அந்தத் தட்டை அடித்தது நான்தான்

எங்கள் கிளப்பின் பெண்கள் அணி இறுதி ஆட்டத்தில் ஒரே ஒரு பாயின்ட்டில் தோற்றதற்கு யார் காரணம் என்று டீக்கடையில் இன்னமும் பேசிக்கொள்கிறார்கள். ரெஃப்ரி என்கிறார் ஒருவர். வெயில் என்கிறார் இன்னொருவர். யாரும் என்னைச் சொல்வதில்லை. எப்படிச் சொல்வார்கள்? அன்றைக்கு என்னைப் பாராட்டியவர்களே அதில் பாதிப் பேர். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். காரணம் நான்தான். வருத்தமா என்று கேட்டால், துளிகூட இல்லை.

சிட்லபாக்கம் பக்கம் ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது எங்கள் கூடைப்பந்து கோர்ட். ஒரு பக்கம் காம்பவுண்டுச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் தண்டவாளம். ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒரு மின்சார ரயில் தாம்பரத்துக்கோ பீச்சுக்கோ தடதடத்துக்கொண்டு போகும். கேலரி என்று பெயருக்கு நாலு சிமென்ட் படி. அதில் மூன்றாவது படியில் நானும் என் வீட்டுக்காரரும் பதினைந்து வருடமாக உட்கார்ந்திருக்கிறோம். பிள்ளைகள் வேலைக்கென்று வெளியூர் போன பிறகு மற்றவர்கள் சீரியலில் விழுந்தார்கள், நாங்கள் கூடைப்பந்தில் விழுந்தோம்.

எங்கள் கேலரிக்கு ஒரு வழக்கம் உண்டு. எதிரணிப் பெண் ஃப்ரீ த்ரோ கோட்டில், மறிக்க ஆளில்லாமல் தனியாக நின்று பந்தை எறிய வரும்போது, வீட்டிலிருந்து கொண்டுவந்த தட்டு, டப்பா எல்லாவற்றையும் அடித்து அவளைக் கலங்கடிக்க வேண்டும். நம் பெண் எறியும்போது மூச்சுகூட விடக் கூடாது. என் தட்டு, கல்யாணத்துக்கு என் நாத்தனார் தன் பெயர் வெட்டிக் கொடுத்த எவர்சில்வர் தட்டு. கரண்டியால் அடித்து அடித்துப் பெயரில் பாதி எழுத்து நசுங்கிவிட்டது. நாத்தனார் வீட்டுக்கு வருகிற நாளில் அதைப் பீரோவுக்குப் பின்னால் ஒளித்துவைப்பேன்.

நான் சொல்ல வந்த பெண் பத்து வயதில் அந்தக் கோர்ட்டுக்கு வந்தாள். அம்மா செம்பாக்கத்தில் தையல் வேலை செய்கிறவர். இருபத்தொரு வயதில் எங்கள் அணியில் அவள்தான் எல்லாமே. பந்து அவள் கையில் இருந்தால் என் வீட்டுக்காரர் நிம்மதியாகச் சுண்டல் சாப்பிடுவார். வேறு யார் கையில் இருந்தாலும் சுண்டல் பொட்டலம் அப்படியே மடியில் இருக்கும்.

அவளைப் பற்றி எனக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் ஆராதனைக்கு முன்னால் நடக்கப் போனவள் கோர்ட் பக்கம் எட்டிப் பார்த்தேன். அவள் தனியாக ஃப்ரீ த்ரோ எறிந்துகொண்டிருந்தாள். ஒன்றுகூட விழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எறிந்தால்கூட உள்ளே போடுகிறவள். அன்று தண்டவாளத்தில் பராமரிப்பு வேலை, ரயிலெல்லாம் ரத்து. ஊரே அடங்கிக் கிடந்தது.

"ஆன்ட்டி, சத்தமே இல்ல ஆன்ட்டி. ஒரு மாதிரி கீது. கை நடுங்குது. நீங்க ஏதாச்சும் பேசிகினே இருங்களேன்."

நானும் என் வீட்டுக்காரரைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அது எனக்குத் தீராத விஷயம். தண்ணீர் பாட்டிலைப் படியில் தட்டித் தட்டிப் பேசினேன். பந்து ஒவ்வொன்றாக உள்ளே விழுந்தது. பத்து வயதிலிருந்து ரயில் சத்தத்தில் எறிந்து பழகிய கை, சத்தம் இல்லாவிட்டால் அவளுக்குக் கட்டுப்படவில்லை. "யார்கிட்டயும் சொல்லாதீங்க ஆன்ட்டி. வேற டீமுக்குத் தெரிஞ்சா சும்மா உக்காந்தே என்னைத் தோக்கடிச்சிடுவாங்க" என்றாள்.

நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஆட்டத்தில் அவள் கோட்டில் நிற்கும்போது ரயில் எதுவும் வரவில்லை என்றால், பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே மூன்றாவது படியைப் பார்ப்பாள். என் தட்டு "கைதவறி" கீழே விழும், உருண்டு இரண்டு படி இறங்கும். எல்லோரும் என்னைத் திட்டுவார்கள். அதற்குள் பந்து வலைக்குள் போயிருக்கும். "உனக்குக் கை நிக்கவே நிக்காதா?" என்று என் வீட்டுக்காரர் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். வயசாகிறதே என்பேன்.

போன வருடம் மாவட்டப் போட்டிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அவள் எங்கள் கிளப்பை விட்டுப் போனாள். நகரத்துக்கு வடக்கே ஒரு பெரிய கிளப், எங்களை வருடா வருடம் தோற்கடிக்கிறவர்கள், அவர்களிடம் போனாள். முதலில் என் வீட்டுக்கு வந்து என்னிடம்தான் சொன்னாள். அவள் முட்டி ஒரு வருடமாகச் சரியில்லை. நாங்கள் தைலம் தேய்த்துத் துணி சுற்றி ஆட விட்டோம். அங்கே முட்டியைப் பார்க்க டாக்டர் இருந்தார், தங்க ஹாஸ்டல் இருந்தது, மழை வந்தாலும் ஆடக் கூரை போட்ட கோர்ட் இருந்தது. எங்கள் கோர்ட்டில் மழைக்காலம் வந்தால் தவளைதான் ஆடும்.

"போகட்டா ஆன்ட்டி?" என்றாள்.

"என்னை எதுக்குடி கேக்கற? போ" என்றேன். அவள் கேட் தாண்டியதும் சமையலறையில் நின்று நன்றாக அழுதேன்.

செய்தி பரவியதும் எங்கள் கேலரி இரண்டாகப் பிளந்தது. பாதிப் பேருக்கு அவள் துரோகி. அவர்களுக்குத் தலைமை, ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ ஓட்டுகிற தம்பி. ஆட்டம் இருக்கும் நாளில் சவாரியை விட்டுவிட்டு வருகிறவர். மீதிப் பேர், எங்கே இருந்தாலும் அவள் நம் பெண்தான் என்றார்கள். அதில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் முக்கியம். என் வீட்டுக்காரர் முதல் கட்சி, நான் இரண்டாவது. வீட்டில் காபி கொடுக்கும்போதுகூடச் சண்டை.

டீக்கடையில் ஆட்டோத் தம்பி என்னை நிறுத்தினார்.

"இன்னாக்கா, ஒனக்கு முன்னாடியே தெரியுமாமே?"

"தெரியும்."

"வளத்து ஆளாக்கனது நாம. மேட்ச் வர்ற நேரத்துல பைய மாட்டிகினு அந்தாண்ட போய்ட்டா. இது இன்னா நாயம்?"

"ரெண்டு வருஷம் முன்னாடி நம்ம பசங்க டீம்ல ஒருத்தன் கவர்மென்ட் டீமுக்குப் போனானே, அவனுக்குப் பட்டாசு வெடிச்சு சால்வை போட்டீங்களே. அன்னைக்கு இந்த நியாயம் எங்க போச்சு?"

"அது வேறக்கா."

"எப்படி வேற?"

அவர் டீயைப் பார்த்தார். "அது வேறக்கா" என்று மறுபடியும் அதையே சொன்னார்.

கோர்ட் வாசலில் அணியின் படம் போட்ட ஃப்ளெக்ஸ் ஒன்று உண்டு. ஒரு நாள் பார்த்தால் அவள் முகத்தின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. செத்துப் போனவளுக்குக்கூட இப்படிச் செய்ய மாட்டார்கள். அலுவலகம் போகிற அவசரத்திலும் பசை காயாத அந்தத் தாளைக் கிழித்து எறிந்துவிட்டுத்தான் ரயில் பிடித்தேன். மறுநாள் மறுபடி ஒட்டியிருந்தார்கள். மறுபடி கிழித்தேன். நான்காவது நாள் ஒட்டியவர்களுக்குக் கை ஓய்ந்துவிட்டது, எனக்கு ஓயவில்லை.

விதியைப் பாருங்கள், எங்கள் அணி அவள் இல்லாமலே இறுதி ஆட்டத்துக்கு வந்தது. எதிரணி, அவளுடைய புது அணி. ஆட்டம் எங்கள் கோர்ட்டிலேயே. கேலரியில் அடிதடி ஆகிவிடுமோ என்று எல்லோருக்கும் பயம். ஆட்டத்துக்கு முதல் நாள் இரண்டு கட்சியும் படியில் கூடிப் பேசினோம். என் வீட்டுக்காரர் வேலையில் இருந்த காலத்தில் யூனியனில் சமரசம் பேசிப் பெயர் எடுத்தவர். எழுந்து நின்றார்.

"அவ ஃப்ரீ த்ரோ போடறப்போ யாரும் தட்டு அடிக்க வேணாம், திட்ட வேணாம், கைதட்டவும் வேணாம். ஒரு சின்ன சத்தம் கூடாது. கோவமா இருக்கறவங்களுக்கு அது புறக்கணிப்பு. பாசமா இருக்கறவங்களுக்கு அது மரியாதை. சரிதானா?"

"சரி சார்" என்றார் ஆட்டோத் தம்பி. டீச்சர் கண் கலங்கிக் கைதட்டினார். இரண்டு மாதமாக முகம் பார்க்காதவர்கள் கைகுலுக்கிக்கொண்டார்கள். பாசக்காரர்களும் கோபக்காரர்களும் சேர்ந்து அவளுக்குச் செய்யக்கூடிய ஆகப் பெரிய கெடுதலை, தெரியாமலே ஏகமனதாக நிறைவேற்றியிருந்தார்கள். எழுந்து, வேண்டாம் என்று சொல்லலாம். ஏன் என்று கேட்பார்கள். சொன்னால் அவள் நம்பிச் சொன்னதை அவளைத் தோற்கடிக்கத் துடிப்பவர்கள் கையில் கொடுத்ததாகும். சொல்லாவிட்டால் நானும் அந்த அமைதிக்குக் கூட்டு. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிறு மாலை நாலு மணிக்கு ஆட்டம். அன்றைக்கென்று பார்த்து மறுபடி பராமரிப்பு வேலை, ஆறு மணி வரை ரயில் கிடையாது. அவள் வேறு நிறச் சட்டையில், முட்டியில் கறுப்புப் பட்டையோடு வந்தாள். எங்கள் படியைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். யாரும் அசையவில்லை. நானும்தான். அதற்கு இன்றைக்கும் எனக்கு வெட்கம்.

ஓடும்போது அவளை யாராலும் பிடிக்க முடியவில்லை. ஆனால் கோட்டில் நின்றால் பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது. ஒன்று, இரண்டு, நாலு. எங்கள் கோச் விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். "அவளை ஃபவுல் பண்ணுங்க, லைனுக்கு அனுப்புங்க!" என்று எங்கள் பெண்களிடம் கத்தினார். அவர்களும் அவளை இடித்துத் தள்ளிக் கோட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். "முட்டி போயிடுச்சு போல, பாவம்" என்றார் என் வீட்டுக்காரர். முட்டி அல்ல, நீங்கள்தான் என்று சொல்ல வாய் துடித்தது.

கடைசி சில நொடிகள். இரண்டு அணியும் சமம். அவள் பந்தோடு கூடைக்குப் பாய்ந்தாள், எங்கள் பெண் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். அவள் அந்த முட்டியிலேயே விழுந்தாள். எனக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். "டாக்டர் பாத்த முட்டிதான? ஒண்ணும் ஆவாது" என்றது ஒரு குரல். அது ஆட்டோத் தம்பியல்ல, அவர்கூட முகம் சுளித்தார்.

அவள் எழுந்து நொண்டிக்கொண்டு கோட்டுக்கு வந்தாள். இரண்டு ஃப்ரீ த்ரோ. இறுதி ஆராதனைபோல அப்படி ஓர் அமைதி. முதல் பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது.

இரண்டாவது பந்தைத் தரையில் தட்டினாள். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. நான் அவள் கண்ணுக்காகக் காத்திருந்தேன். பார்த்தால் அடிக்கலாமா வேண்டாமா என்று அப்போது முடிவுசெய்யலாம் என்று நினைத்திருந்தேன். அவள் பார்க்கவே இல்லை. இது என் கிளப், என் படி, என்னிடம் அதைக் கேட்கக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பிடிவாதமாக வளையத்தையே பார்த்தாள். கை நடுங்கியது மூன்றாவது படி வரைக்கும் தெரிந்தது.

கட்டைப்பையிலிருந்து தட்டை எடுத்தேன், கரண்டியை எடுத்தேன், எழுந்து நின்று அடித்தேன். கைதவறி அல்ல. வேண்டுமென்றே, முழு பலத்தோடு, நாத்தனார் பெயரில் மிச்சமிருந்த எழுத்தும் போகிற அளவுக்கு அடித்தேன். என் வீட்டுக்காரர் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டு அடித்தேன்.

பந்து வளையத்தைத் தொடாமல் உள்ளே விழுந்தது.

எங்கள் பெண்கள் கடைசி நொடியில் எறிந்த பந்து பலகையில் பட்டுத் திரும்பியது. ஒரு பாயின்ட்டில் தோற்றோம்.

"சூப்பர்க்கா! மனசுல கீற கோவத்த தட்டுல காட்டிட்ட!" என்று ஆட்டோத் தம்பி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். டீச்சர் என்னைப் பார்த்து, "நீங்களா? உங்களப் போய் நல்லவங்கன்னு நெனச்சேனே" என்று சொல்லிவிட்டு இரண்டு படி தள்ளிப் போய் உட்கார்ந்தார். திட்டியது வலித்தது, பாராட்டியது அதைவிட வலித்தது. தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவள் எல்லோரிடமும் கைகொடுத்துவிட்டு நொண்டியபடி எங்கள் படிக்கு வந்தாள். "காதே கிழிஞ்சிது ஆன்ட்டி" என்று எல்லோருக்கும் கேட்கும்படி, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு சொன்னாள். அவளைத் துரோகி என்ற கட்சி விசிலடித்தது. போவதற்கு முன் தட்டில் நசுங்கிய இடத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினாள். அவள் கண் நிறைந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் கொதித்தார். "நான் முன்ன நின்னு பேசின தீர்மானத்தை என் பொண்டாட்டியே மீறினா எனக்கு என்ன மரியாதை?" அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் கட்டைப்பையிலிருந்து தட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ இத்தனை வருஷமா கைதவறித் தட்டைப் போட்டது?"

"வேணும்னுதான்."

இரண்டு நாள் என்னோடு பேச்சு இல்லை. மூன்றாம் நாள் காலையில் அந்தத் தட்டிலேயே தோசை வைத்தேன். தட்டு ஒரு பக்கம் சாய்ந்து சட்னி ஓடியது. விரலால் அதை வழித்துக்கொண்டே, "முதல் பந்துக்கும் அடிச்சிருந்தா ரெண்டு பாயின்ட்ல தோத்திருப்போம். ஒண்ணு மிச்சம்" என்றார். அதோடு அந்தச் சண்டை முடிந்தது. டீக்கடையில் இன்றுவரை அவர் வாயைத் திறக்கவில்லை.

இப்போது எதற்கு எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். அவளுக்கு வட மாநிலம் ஒன்றில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்திருக்கிறது. போன வாரம் பேசினாள். "ஆன்ட்டி, இங்க இண்டோர் கோர்ட்டு. ரயிலும் இல்ல, நீங்களும் இல்ல. மொதல்ல எல்லாம் வெளியதான் போச்சு. ராப்பகலா போட்டுப் போட்டு இப்ப பழகிட்டேன். சத்தமே இல்லன்னாலும் விழுது."

"நல்லதுடி" என்றேன். நல்லதுதான். ஆனாலும் போனை வைத்த பிறகு, அவள் கிளப்பை விட்டுப் போன அன்று அழுததைவிட அதிகமாக அழுதேன்.

அவளை யாரும் இனி அமைதியாக உட்கார்ந்து தோற்கடிக்க முடியாது. அதனால் சொல்கிறேன்: அன்று தட்டை அடித்தது அவளைத் திட்ட அல்ல. எங்கள் கேலரியின் வாட்சப் குழுவிலிருந்து என்னை நீக்குவதானால் தாராளமாக நீக்குங்கள். மூன்றாவது படியிலிருந்து என்னை எழுப்ப மட்டும் யாராலும் முடியாது. அந்தத் தட்டு இன்னும் என் கட்டைப்பையில்தான் இருக்கிறது. அவளுக்கு இனி அது வேண்டாம். எனக்கு வேண்டும்.