ஏழு தடவை கேட்ட கேள்வி

அந்த நாட்களில் என் நாட்குறிப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் அடியில் இரண்டு அங்குலம் விட்டு ஒரு கோடு போடுவேன். கோட்டுக்கு மேலே முந்தின நாள் நடந்தது. கீழே, சிவப்பு மையில், அதிலிருந்து நான் கற்றுக்கொண்ட பாடம். வருஷம் பிறந்ததும் எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே உட்காரலில் கோடு போட்டு முடித்துவிடுவேன். அளவுகோல் நழுவிக் கோடு சாய்ந்தால் அதன்மேல் வெள்ளைத்தாள் ஒட்டி மறுபடி போடுவேன்.

எழுதுவது காலை ஐந்தரைக்கு. அன்றன்றைக்கே எழுதினால் வேண்டாததெல்லாம் சேர்ந்துவிடும், ஒரு தூக்கம் தாண்டினால் சாரம் மட்டும் தங்கும் என்பது என் எண்ணம். காஞ்சிபுரத்தில் தபால் ஆபீசில் எனக்குக் கடிதம் பிரிக்கும் வேலை. ஊர் பார்த்து, தெரு பார்த்து, அதற்குரிய தட்டறையில் போட்டுவிட்டால் அந்தக் கடிதத்தோடு எனக்கு உறவு முடிந்தது. நடந்தவற்றையும் அப்படித்தான் பிரித்தேன். கிணற்றுக் கயிறு அறுந்தால் அது பொறுமை. பஸ்ஸை விட்டுவிட்டால் அது விழித்திருத்தல். அரிசியில் கல் கிடந்தால் அது தன்னைத்தானே சோதித்தறிதல். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் யாராவது ஒருவர் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் வரும். அந்த வாரத்துப் பாடங்களில் ஒன்றை அங்கே வாசிப்பேன். "அண்ணன் வாசிக்காத அன்னிக்கு கூட்டம் சப்புனு இருக்குது" என்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

வீட்டில் அவ்வளவு மரியாதை கிடையாது. குழம்பு அடிபிடித்த அன்று என் மனைவி அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள்: "ஏங்க, தீஞ்சுபோச்சு. சிவப்பு மையை எடுத்துக்கினு வாங்க." ஏழு வயது மகளும் அவளோடு சேர்ந்துகொள்வாள். ஒருநாள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அப்பா, விழுந்துட்டேன். இதுல என்ன பாடம்?"

"ஓடும்போது கீழே பார்த்து ஓடணும்."

"அது பாடம் இல்லப்பா. அது எனக்கே தெரியும்."

அப்போது நாங்கள் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டின் பாதியில் வாடகைக்கு இருந்தோம். தெருவில் எங்களைத் தவிர கிறிஸ்தவக் குடும்பம் இல்லை. வீட்டுக்காரருக்கு இரண்டு தறிகள். சுவருக்கு அந்தப் பக்கம் தறிச்சத்தம் நின்றால்தான் எங்களுக்கு மணி என்ன என்று பார்க்கத் தோன்றும்.

அந்தப் பங்குனியில் வேலூரிலிருந்த என் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். மனைவி வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் போனாள். ஞாயிறு இரவு திரும்பினாள். நடுவில் நான்கு நாள் நானும் மகளும் மட்டும். பள்ளி விட்டதும் குழந்தை வீட்டுக்காரர் மனைவியிடம் இருப்பாள். ஆபீஸ் முடிந்து நான் கூட்டி வருவேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. விஷக்காய்ச்சல் என்று நான்காம் நாள் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பதினோராம் நாள் மதியம் இரண்டு பத்துக்கு அவள் போய்விட்டாள். என் நாட்குறிப்பில் நேரம் அப்படியே இருக்கிறது. கோட்டுக்குக் கீழே அன்று ஒன்றும் இல்லை.

அடக்கம் மறுநாள் நான்கு மணிக்கு என்று முதலில் சொல்லியிருந்தோம். மைத்துனர் வேலூரிலிருந்து வந்து சேரட்டும் என்று. ஆனால் காலையில் போதகர் வந்து பார்த்துவிட்டு என்னைத் தனியாக அழைத்து, இந்த வெயிலில் நான்கு மணி வரை வைக்க முடியாது, எட்டு மணிக்கே எடுத்துவிடலாம் என்றார். தெருவுக்கு இந்த மாற்றம் தெரியாது. சாயங்காலம்தானே என்று, விடிவதற்குள் வீட்டுக்காரர் தெருவின் நடுவில் பாவு நீட்டிவிட்டார். மூன்று புடவைக்கு நெடுக்காகத் தறியில் ஏறும் பட்டுநூல், அரக்கு நிறம். தெருவின் இந்த முனையிலிருந்து ஏறக்குறைய அந்த முனை வரை, இடுப்பு உயரத்தில், மூங்கில் கழிகளில் இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி பூசி நனைந்திருந்தது. அது காயும்வரை தளர்த்தக் கூடாது. தளர்த்தினால் நூலோடு நூல் ஒட்டிக்கொண்டு எல்லாம் வீணாகிவிடும். பாவுக்கு இரண்டு பக்கமும் ஒரு ஆள் நடக்கத்தான் இடம் இருந்தது. பெட்டியைத் தூக்கிய நான்கு பேர் வாசற்படி இறங்கி அப்படியே நின்றுவிட்டார்கள்.

வீட்டுக்காரர் எங்களைப் பார்த்ததும் கஞ்சிக் கலயத்தைக் கீழே வைத்தார்.

"ஏம்பா, தூக்குங்க. எல்லாரும் கழியைப் புடிச்சு மேல தூக்குங்க. பாப்பா போவுது."

"தூக்கினா கஞ்சி சொட்டுமேண்ணா" என்றான் ஒருவன்.

"சொட்டட்டும்."

"பாவுக்கு அடியில சாவு போவலாமாண்ணா?"

"யாரு சாவு? நம்ம பாப்பாடா. தூக்கறியா, இல்ல நான் வரட்டா?"

பக்கத்து வீடுகளிலிருந்தும் ஆட்கள் ஓடி வந்தார்கள். ஒவ்வொரு கழிக்கும் இரண்டு பக்கமும் ஆள் நின்று, பாவு தளராமல், தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்கள். அதன் அடியில் அந்தத் தெரு முழுக்க நடந்தோம். முதலில் பெட்டி, அதை ஒட்டி என் மனைவி, பின்னால் போதகர், நான், மற்றவர்கள். யாரும் பாடவில்லை. தெருமுனையில் வெயிலுக்கு வந்த பிறகுதான் பாட்டை எடுத்தார்கள்.

அடக்கத்துக்குப் பிறகு மூன்றாவது ஞாயிறு ஜெபக்கூட்டத்தில் இதைப் பாடமாக வாசித்தேன்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் எழுதிக்கொண்டு போனேன். தம்மை அறியாதவர்கள் கையால் ஆண்டவர் நமக்கு வழி திறக்கிறார், துக்கத்தின் பாதைக்கு மேலேயும் அவர் பட்டு விரித்து வைத்திருக்கிறார் என்று முடித்திருந்தேன். பெண்கள் பக்கம் விசும்பல் கேட்டது. போதகர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். வாக்கியம் நன்றாக அமைந்ததில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. அதை இந்த வயதில் மறைத்து எழுதக் காரணம் இல்லை.

திரும்பும்போது என் மனைவி பத்தடி முன்னால் நடந்தாள். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் பேசினாள்.

"பட்டு விரிச்சாருன்னு சொன்னீங்களே, மேல பார்த்துக்கினு நடந்தீங்களா?"

நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

"நான் பெட்டியைப் பார்த்துக்கினு நடந்தேன். கஞ்சி சொட்டுச்சு. அவ முகத்துக்கு நேரா, மூடி மேல சொட்டுச்சு. நான் எட்டி எட்டி முந்தானையால துடைச்சுக்கினே வந்தேன். ஒரு இடம் துடைச்சா இன்னொரு இடம் சொட்டுது. அது தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"எம் பொண்ணு பாடம் இல்லீங்க."

அதற்குப் பிறகு அவள் ஜெபக்கூட்டத்துக்கு வரவில்லை. காலை ஆராதனைக்கு வருவாள், கடைசி வரிசையில் உட்கார்ந்து, முடிவதற்குள் எழுந்து போய்விடுவாள். வீட்டில் பேச்சு சாப்பாடு, தண்ணீர், பால்காரர் என்ற அளவில் நின்றுவிட்டது. நான் காலை ஐந்தரைக்கு நோட்டைத் திறந்து உட்காருவேன். கோட்டுக்குக் கீழே ஏதாவது எழுதிக்கொண்டுதான் இருந்தேன். பழக்கம்.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம் அவள் குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். யாருக்கும் கொடுப்பதற்காக அல்ல, வெயிலில் போட்டு எடுத்து மறுபடி பெட்டியில் வைக்க. தலை நிமிராமல் கேட்டாள்.

"நான் வேலூர்ல இருந்தேனே, அந்த நாலு நாள். எழுதியிருப்பீங்க இல்ல?"

"ஒரு நாள்கூட விட்டதில்லை."

"நான் அந்த நாலு நாள் அவளைப் பார்க்கல. அப்புறம் காய்ச்சல்ல பார்த்ததுதான். அவ நல்லா இருந்த நாலு நாள் உங்ககிட்டதான் இருக்குது. படிங்க."

பல மாதங்களுக்குப் பிறகு அவள் என்னிடம் ஒன்றைக் கேட்டிருந்தாள். அதுவும் என்னால் கொடுக்க முடிந்ததை. நான் எழுந்து போய் நோட்டை எடுத்த வேகத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது. அவள் துணிகளை ஒதுக்கிவைத்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

வியாழன். "அவள் 5.40 பஸ்ஸில் வேலூர் சென்றாள். பஸ் 6 நிமிஷம் தாமதம். ஆபீசில் வேலை அதிகம். மாலை இட்லி வாங்கினோம்." கீழே, புறப்படத் தாமதிக்கிறவனுக்கும் ஆண்டவர் காத்திருக்கிறார் என்று ஒரு பாடம்.

"எத்தனை இட்லி சாப்பிட்டா?"

"எழுதல."

வெள்ளி. பள்ளியில் ஏதோ போட்டி, குழந்தை தோற்றுவிட்டு வந்தாள் என்று ஒரு வரி. தோல்வியில் தாழ்மை என்று நான்கு வரி.

"என்ன போட்டி? அழுதாளா?"

"தெரியல... அழுதிருக்க மாட்டா."

சனி. அந்தப் பக்கத்தை எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவள் ஊரிலிருந்து வருவதற்குள், அந்த ஞாயிற்றுக் கூட்டத்தில் அதைத்தான் வாசித்தேன். கேட்டவர்கள் சிரித்தார்கள், பிறகு அமைதியானார்கள். நன்றாக எடுபட்ட பாடம். "குழந்தை ஒரே கேள்வியை ஏழு தடவை கேட்டாள். ஏழாவது தடவை அதட்டிவிட்டேன்." கோட்டுக்குக் கீழே: "நாம் எத்தனை தடவை கேட்டாலும் ஆண்டவர் சலிப்பதில்லை. விடாமல் கேட்போம்."

அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. குழந்தை போன பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு.

"ஏழு தடவையா? கேட்பா, கேட்பா. என்ன கேட்டா?"

நான் பக்கத்தைப் பார்த்தேன். மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன். திருப்பி அடுத்த பக்கத்தைப் பார்த்தேன்.

"என்னங்க கேட்டா?"

"எழுதல."

"எழுதாட்டி என்ன, சொல்லுங்க. ஏழு தடவை கேட்டிருக்கா இல்ல?"

அடுப்படி வாசலில் குழந்தை நின்றது ஞாபகம் இருக்கிறது. நான் செருப்பு வார் தைத்துக்கொண்டிருந்தேன், ஊசி கையில் இருந்தது. அவள் கேட்கக் கேட்க நான் மனசுக்குள் எண்ணியதுகூட ஞாபகம் இருக்கிறது, ஏழு. அவள் வாய் அசைகிறது. சொல் வரவில்லை. மறுநாள் காலை எழுதும்போதே வேண்டாதது என்று அதை விட்டுவிட்டிருக்கிறேன்.

"ஞாபகம் இல்லைம்மா."

அவள் நோட்டை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு என் எழுத்தைப் படிப்பது சிரமம், ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தாள். சிவப்பு மைக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள்.

"அம்மா எப்ப வரும்னு கேட்டிருப்பாளா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவள் அதற்காகத்தான் என்னைப் பார்த்தாள் என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனால் நடக்காததை நடந்ததாகச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "இருக்கலாம்" என்றேன்.

"இருக்கலாமா" என்றாள். நோட்டை மூடித் தரையில் வைத்தாள்.

பிறகு கேட்டாள், "ஆண்டவருக்கு ஞாபகம் இருக்குமா?"

"இருக்கும். அவர் எதையும் மறக்கிறவர் இல்லை."

"அவருக்கு இருந்து எனக்கு என்னங்க? எனக்கு வேணும்."

அவள் எழுந்து, மடிக்காமல் விட்ட துணிகளிடம் போனாள்.

மறுநாளிலிருந்து அவள் வீட்டுக்காரர் மனைவியிடம் போய் உட்கார ஆரம்பித்தாள். அந்த அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். ஆனால் குழந்தை அவரிடம் இருந்த மூன்று சாயங்காலமும் அவருக்கு ஞாபகம் இருந்தது. "நூலு அறுந்தா அதுக்கு வலிக்குமான்னு கேட்டுச்சு பாப்பா. மோர் குடுத்தேன், உப்பு கம்மின்னு சொல்லிச்சு. ஜடையை அவுத்துப் பின்னிவுட்டேன், நீ போடற மாதிரி இல்லியாம், மறுபடியும் அவுத்துடுச்சு." என் மனைவி வீட்டுக்கு வந்து இவற்றை என்னிடம் சொன்னாள். குறை சொல்லும் குரலில் இல்லை. எனக்கும் அது வேண்டியிருக்கும் என்று நினைத்துச் சொன்னாள். ஏழு தடவை கேட்டது மட்டும் அந்த அம்மாவுக்கும் தெரியாது. அது என் வீட்டுக்குள், என்னிடம் கேட்டது.

அடுத்த வருஷத்து நோட்டில் நான் கோடு போடவில்லை. ஜெபக்கூட்டத்தில் வாசிப்பதையும் விட்டுவிட்டேன். "அண்ணனுக்கு விசுவாசம் ஆடிப்போச்சு" என்று சிலர் பேசிக்கொண்டார்கள். ஆடவில்லை என்றுதான் நினைக்கிறேன். மற்றவர்களைப் போல நானும் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன். நாட்குறிப்பில் இப்போது கறி என்ன விலை, யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள், சொன்னபடியே, அன்றன்றைக்கே எழுதுகிறேன். அந்த வீட்டை விட்டு வந்து ஆறு வருஷம் ஆகிறது. வேறு குழந்தை இல்லை.

படுக்கப் போவதற்கு முன் நாங்கள் இரண்டு பேரும் முழங்காலில் நிற்கிறோம். முதலில் நான் ஜெபிப்பேன், சபைக்காக, நோயாளிகளுக்காக. பிறகு அவள். அவள் ஜெபம் சின்னது. உறவுக்காரர் இரண்டு மூன்று பேரைச் சொல்வாள். பிறகு, ஒவ்வொரு நாளும், அதே சொற்களில், "ஆண்டவரே, அந்தச் சனிக்கிழமை அவ என்ன கேட்டா?" என்பாள். சொல்லிவிட்டுக் கொஞ்சம் காத்திருப்பாள். நானும் கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பேன், அவளைவிட அதிகமாக. பிறகு அவள் ஆமென் சொல்லுவாள், எழுந்து பாயை விரிப்பாள்.