அரக்குப் பட்டும் படர்தாமரையும்

எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு வைகாசியில், வாலாஜாபாத்திலிருந்து காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டுக்கு மருமகளாக வந்தேன். ஆவணியில் எனக்கு இடுப்பில் படர்தாமரை. மாமியாருக்கும் ஓரகத்திக்கும் அதே இடத்தில் அதே அரிப்பு.

"இவ வந்து ஒட்ட வெச்சிட்டா" என்றார் மாமியார். வீட்டுக்குப் புதியவள் நான்தானே, பழி போட வேறு ஆள் எதற்கு?

மூவரும் டாக்டரிடம் காட்டிவிட்டு, அப்படியே என்னைத் தாய்வீட்டுக்கு பஸ் ஏற்றுவதென்று முடிவாயிற்று. என் வீட்டுக்காரர் என் டிரங்குப் பெட்டியோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். அரிப்பைவிட அவர்மேல்தான் எனக்கு எரிச்சல். அதற்கும் மேலே பயம். இப்படிப் போனவள் திரும்பி வருவது லேசில்லை.

டாக்டரம்மா பார்த்தார். எனக்குக் காசளவு வட்டம். ஓரகத்திக்கு உள்ளங்கை அளவு. மாமியாருக்கு முதுகு வரை ஏறியிருந்தது.

"ஒரே துணிய மாத்தி மாத்திக் கட்டறீங்களாம்மா?"

ஆமாம். நாங்கள் நெய்யும் பட்டெல்லாம் ஊராருக்குப் போய்விடும். வீட்டுக்கென்று இருந்தது ஒரே ஓர் அரக்குப் பட்டு. விசேஷத்துக்கு முறை போட்டுக் கட்டுவோம். நனைத்தால் சரிகை கறுக்கும் என்று வேர்வையோடே மடித்து வைப்போம். பட்டுக்குத் தீட்டும் கிடையாது, அழுக்கும் கிடையாது என்பது மாமியாரின் தீர்மானம்.

"கடைசியா யார் கட்டினது?"

"நான், ஆடி வெள்ளிக்கு" என்றேன்.

"பங்குனி உத்திரத்துக்கு நானு" என்றாள் ஓரகத்தி.

"அதுக்கு முன்னாடி?"

"தையில நான்மா" என்றார் மாமியார். "திருப்புட்குழியில ஒரு கல்யாணம். சொந்தக்காரி ஒருத்தி கேட்டான்னு கட்டக் குடுத்து வாங்கி, அப்புறந்தான் நான் கட்டினேன். அப்பலேர்ந்துதான் அரிச்சிக்கினு..."

அப்படியே நிறுத்திவிட்டார். தை மாதத்தில் நான் அந்த வீட்டை எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

டாக்டரம்மா களிம்பு கொடுத்து, புடவையைத் துவைத்து வெயிலில் போடச் சொன்னார். ஆளுக்கொரு துண்டு வைத்துக்கொள்ளச் சொன்னார். மாமியார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மாதத்தை மாற்றிச் சொல்லியிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? அதற்காகவே அவரை அன்று எனக்குப் பிடித்துப்போனது.

வெளியே வந்ததும் மகனிடம் போனார்.

"பெட்டிய எடுத்துக்கினு வீட்டுக்கு நடப்பா. அனுப்பணும்னா என்னத்தான் ஓரிக்கைக்கு எங்கம்மா வீட்டுக்கு அனுப்பணும்."